சிக்கல் எங்கேயும் போகலை, கல்லாப்பெட்டிக்குப் போயிருக்கு

வீடியோ கேம் பத்திப் பேச்சு எடுத்தாலே ரெண்டு கோஷ்டி வந்து உட்கார்ந்துக்குது. முதல் கோஷ்டி பெருசுங்க. "எங்க காலத்துல தலையணை சைஸ்ல மேனுவல் வரும்யா. அதைப் படிச்சுட்டுத்தான் கேமையே தொடுவோம். இப்போ இருக்கற பசங்களுக்கு அம்புக்குறி போட்டு வழி காட்டணும், வாயில ஊட்டி விடணும்." ரெண்டாவது கோஷ்டி கம்பெனிக்காரங்க. "ரசனை மாறிடுச்சு சார். யாருக்கும் டைம் இல்லை. கொஞ்சம் சிக்கலா எதைக் கொடுத்தாலும் அழிச்சுட்டுப் போயிட்டே இருக்காங்க."

வெளியில இருந்து பார்த்தா எலியும் பூனையும் மாதிரி இருக்கும். ஆனா ரெண்டு பேரும் சொல்றது ஒரே விஷயம்: இன்னைக்கு விளையாடறவனுக்கு யோசிக்கவும் தெரியாது, பொறுமையும் கிடையாது. பெருசு இதைச் சொல்லிட்டு பெருமூச்சு விடறார். கம்பெனிக்காரர் இதைச் சொல்லிட்டு பில் போடறார்.

இந்தப் பதிவு ரெண்டு பேரையும் திட்டறதுக்கு. கொஞ்சம் நீளம்தான். ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க மக்களே. :-)

முதல்ல பெருசுங்களைக் கவனிப்போம்.

1998ல வந்த பால்டர்ஸ் கேட். நான் அதை விளையாடினது ரொம்பப் பின்னாடி, இன்ஜினியரிங் படிக்கறப்ப ஹாஸ்டல்ல. அருமையான கேம், சந்தேகமே இல்லை. ஆனா அதுக்குள்ள 'தேக்கோ'ன்னு ஒரு சமாச்சாரம் உண்டு. உங்க கவசம் நல்லா இருக்க இருக்க, அதோட எண் குறையும். 10ன்னா வெறும் உடம்பு. 0ன்னா நல்ல இரும்புக் கவசம். மைனஸ் 10ன்னா நடமாடும் கோட்டை. எதிரியை அடிக்கணும்னா உங்க தேக்கோ எண்ல இருந்து அவனோட கவச எண்ணைக் கழிக்கணும். அவனோடது மைனஸா இருந்தா கழித்தல் கூட்டலாயிடும். வர்ற விடை அளவுக்காவது இருபது முகப் பகடை விழுந்தாத்தான் அடி படும். ஒன்பதாங்கிளாஸ் கணக்கு வாத்தியார் ஞாபகத்துக்கு வர்றாரா?

இந்த விதி அந்த கேமோடது இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு மேஜையில உட்கார்ந்து ஆடற ஆட்டத்தோட ரெண்டாம் பதிப்பு விதி. 2000ல மூணாம் பதிப்பு போட்டப்ப அவங்களே இதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டாங்க. கவசம் நல்லா இருந்தா எண் பெருசு, பகடையில விழுந்ததோட உங்க போனஸைக் கூட்டி அந்த எண்ணைத் தொட்டுட்டா அடி. அவ்ளோதான். இதனால ஆட்டத்துல எடுக்க வேண்டிய ஒரு முடிவாவது குறைஞ்சுதா? யாரை முன்னாடி நிறுத்தறது, இருக்கற ஒரே நெருப்பு மந்திரத்தை இப்பவே செலவு பண்றதா, அடுத்த அறைக்கு வச்சுக்கறதா, எல்லாம் அப்படியே இருக்கு. போனது கணக்குப்பிள்ளை வேலை மட்டும்தான்.

எங்க பொழப்புல இதுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. பிரெட் புரூக்ஸ் 1986ல ஒரு கட்டுரை எழுதினார். சாஃப்ட்வேர்ல இருக்கற சிக்கல் ரெண்டு வகைன்னார். ஒண்ணு, தீர்க்க வேண்டிய விஷயத்துக்குள்ளேயே இருக்கற சிக்கல். அதை எடுத்தா விஷயமே காலி. இன்னொண்ணு, நம்ம கருவியாலயும் பழக்கத்தாலயும் வந்து ஒட்டிக்கிட்ட சிக்கல். அதைச் சுரண்டி எடுத்தா யாருக்கும் நஷ்டம் இல்லை. பெருசுங்க கண்ணுல தண்ணி விட்டு நினைச்சுப் பார்க்கறதுல பாதி இந்த ரெண்டாவது வகைதான்.

முதல் வகைக்கு உதாரணம் வேணுமா? ஆடு புலி ஆட்டம். மூணு புலி, பதினஞ்சு ஆடு, கோடு கிழிக்க ஒரு திண்ணை. விதி சொல்லித்தர ரெண்டு நிமிஷம் போதும். ஆனா புலியைக் கட்டறதுக்கு எந்த ஆட்டைப் பலி கொடுக்கறதுன்னு யோசிச்சு மண்டை காயும். மேனுவல் கிடையாது, ஆழம் உண்டு. 2024ல வந்த பலாட்ரோவும் இந்த ஜாதிதான். சீட்டுக்கட்டு, போக்கர் கை, கொஞ்சம் ஜோக்கர்கள். ஒரே ஆள் செஞ்ச கேம். ஒரு வருஷத்துக்குள்ள 50 லட்சம் பிரதி வித்துச்சு.

எக்ஸ்காம் கதையும் அப்படியே. 1994ல வந்த மூல கேம்ல ஒவ்வொரு சிப்பாய்க்கும் இத்தனை நேர அலகுன்னு ஒரு கணக்கு. ஒரு அடி வச்சா இத்தனை, திரும்பினா இத்தனை, மண்டி போட்டா இத்தனைன்னு கழிச்சுக்கிட்டே வரணும். 2012ல ஃபிராக்ஸிஸ் அதைத் திருப்பிச் செஞ்சப்ப, ஒரு முறைக்கு ரெண்டு செயல்னு சுருக்கிட்டாங்க. நகரு, சுடு. இல்லேன்னா ரெண்டு தடவை நகரு. "கேமையே கெடுத்துட்டாங்க"ன்னு புலம்பாத பெருசு இல்லை. விளையாடிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். சுவருக்குப் பின்னாடி பம்மி இருக்கற சிப்பாயை அடுத்த சுவருக்கு ஓட விடறதா வேண்டாமாங்கற பயம் குறையவே இல்லை. குறுக்க இருந்த கால்குலேட்டர் போனதால அந்தப் பயம் இன்னும் பக்கத்துல வந்துடுச்சு.

ஆனா பெருசுங்க சொல்றதுல ஒரு இடத்துல நியாயம் இருக்கு. அதையும் சொல்லணும்ல.

மாரோவிண்ட், 2002. "பால்மோரா ஊருக்குப் போ, சவுத் வால்ங்கற சாராயக்கடையில கேயஸ் கோசாடஸ் வீடு எங்கன்னு விசாரி"ன்னு அனுப்புவாங்க. வரைபடத்துல அம்புக்குறி கிடையாது. ஆத்தைத் தாண்டி, பாறை பிரியற இடத்துல இடது பக்கம்னு வாய்வழியா சொன்னதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும். சில சமயம் வழி சொன்னவரே தப்பாச் சொல்லியிருப்பார்! (நம்ம ஊர்ல அட்ரஸ் கேட்டவங்களுக்கு இது புதுசா என்ன?) அந்த கேமோட குறிப்பேடு முதல்ல வந்தப்ப எல்லா வேலையையும் தேதி வாரியா ஒண்ணாப் போட்டுக் குழப்பி வச்சிருந்துது. அது ஒட்டிக்கிட்ட சிக்கல். பின்னால வந்த கூடுதல் பாகத்துல வேலைவாரியாப் பிரிச்சுக் கொடுத்தாங்க, சந்தோஷம்.

அடுத்து 2006ல ஒப்லிவியன். திசைகாட்டியில அம்புக்குறி வந்தது. அம்பைப் பிடிச்சுக்கிட்டு நேரா நடந்தாப் போதும். "பிடிக்கலைன்னா பார்க்காதே, உன் கண்ணு உன்கிட்டத்தானே இருக்கு"ன்னு சுலபமாச் சொல்லிடறாங்க. மேட்டர் அங்கதான் இருக்கு. அம்பு இருக்கறதால, வழி சொல்ற வசனத்தை எழுதறதையே பல இடத்துல விட்டுட்டாங்க. 2011ல வந்த ஸ்கைரிம்ல இது இன்னும் மோசம். அம்பைப் பார்க்காம விளையாடினா போக வேண்டிய குகை வடக்கா தெற்கான்னு சொல்ல ஊர்ல ஒரு ஆள் இருக்காது. இங்க எடுத்தது கணக்குப்பிள்ளை வேலை இல்லை. ஊரை நிமிர்ந்து பார்க்கற வேலையையே எடுத்துட்டாங்க.

ஆக, எளிமை ஆக்கறதுல ரெண்டு விதம் இருக்கு. இந்த ரெண்டையும் "ரசனை மாறிடுச்சு"ங்கற ஒரே சாக்குப்பையில போட்டுக் கட்டறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரியுது.

ரைட்டு, இப்போ கம்பெனிக்காரங்க பக்கம் வருவோம்.

2011ல எக்ஸ்காம் பேரை வச்சிருந்த 2கே நிறுவனத்தோட தலைவர் கிறிஸ்டோஃப் ஹார்ட்மன் என்ன சொன்னார்னா, வியூக விளையாட்டுங்கறது இந்தக் காலத்துக்கு ஆனது இல்லை, அதனால எக்ஸ்காமைச் சுடற விளையாட்டா மாத்தறோம்னு. வேடிக்கை என்னன்னா, அடுத்த ஜனவரியிலயே அதே நிறுவனம் ஃபிராக்ஸிஸோட வியூக எக்ஸ்காமை அறிவிச்சுது. அது 2012 அக்டோபர்ல வந்து, பாராட்டு வாங்கி, ரெண்டாம் பாகமும் கண்டுது. இந்தக் காலத்துக்கு ஆனதுன்னு சொன்ன அந்தச் சுடற எக்ஸ்காம் 2013 ஆகஸ்ட்ல வந்து, வந்த சுவடே தெரியாம போயிடுச்சு.

இன்னொண்ணு. 2009ல டீமன்ஸ் சோல்ஸ். சோனியில உள் ஸ்டூடியோக்களுக்கெல்லாம் தலைமையில இருந்த ஷுஹேய் யோஷிடா அதை வெளியீட்டுக்கு முன்னாடி ஆடிப் பார்த்தார். ரெண்டு மணி நேரம் ஆடியும் ஆரம்பிச்ச இடத்துலயே நின்னதால, இது தேறாத கேம்னு முடிவு கட்டினதா பின்னாடி அவரே பேட்டியில சொன்னார். அமெரிக்காவுல சோனி வெளியிடலை, அட்லஸ்னு வேற நிறுவனம் வெளியிட்டுச்சு. அந்த விதையில இருந்துதான் டார்க் சோல்ஸ், அப்புறம் 2022ல எல்டன் ரிங். குறிப்பேடு இல்லை, செத்தா ஏன் செத்தேன்னு நீங்களே கண்டுபிடிக்கணும், முதல் பத்து நிமிஷத்துலயே ஆளைச் சாகடிக்கும். அப்படிப்பட்ட கேம் மூணு வாரத்துல 1 கோடியே 20 லட்சம் பிரதி வித்துச்சு. "யாருக்கும் பொறுமை இல்லை"ன்னு சொன்ன அண்ணாச்சிங்க அந்த மாசம் எங்க போயிருந்தாங்கன்னு தெரியலை.

சிம்சிட்டி கதை இன்னும் சோகம். 2013ல எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. ஊர் கட்டற கேம்ல ஊரையே ரெண்டு கிலோமீட்டர் சதுரத்துக்குள்ள அடைச்சாங்க. தனியா விளையாடவும் இன்டர்நெட் கட்டாயம். வெளியான வாரம் சர்வர் படுத்துடுச்சு, காசு கொடுத்தவன் உள்ளேயே போக முடியலை. ரெண்டு வருஷம் கழிச்சு 2015 மார்ச் 4ம் தேதி, அதைச் செஞ்ச மேக்ஸிஸோட எமரிவில் ஸ்டூடியோவை மூடினாங்க. ஊர் கட்டற கேமுக்குக் காலம் போயிடுச்சுன்னு யாரும் நம்பியிருப்பாங்க. ஆறே நாள்ல, மார்ச் 10ம் தேதி, பின்லாந்துல இருந்து பதிமூணு பேர் அளவுல இருந்த ஒரு சின்னக் குழு சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் கொண்டு வந்தாங்க. அந்த மாதிரி சதுரம் ஒன்பது வரைக்கும் வாங்கிக் கட்டலாம். பஸ் ரூட், சாக்கடை, டிராஃபிக்னு எல்லாத்தையும் நீங்களே பார்த்துக்கணும். ஒரு மாசத்துல பத்து லட்சம் பிரதி.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ். ஆடம்ஸ் சகோதரர்கள் ரெண்டு பேர் 2006ல இருந்து இலவசமாக் கொடுத்து, ரசிகர்கள் அனுப்பற நன்கொடையில வாழ்ந்துக்கிட்டு வளர்த்த கேம். உலகத்துலயே சிக்கலான கேம்னு பேர் எடுத்தது. ஆனா திரையில படமே கிடையாது, எல்லாம் எழுத்தும் குறியும். எல்லாத்துக்கும் கீபோர்டுதான், எந்தக் கட்டளைக்கு எந்த எழுத்துன்னு மனப்பாடம் பண்ணணும். 2022 டிசம்பர்ல அதுக்குப் படமும் மவுஸும் போட்டு ஸ்டீம்ல விலைக்குக் கொண்டு வந்தாங்க. உள்ள இருந்த உலகத்துல கை வைக்கலை. குள்ளர்களோட கோபம், சோறு, சாராயம், வெள்ளம், பைத்தியம் எல்லாம் அப்படியே. அந்த மாசம் முடியறதுக்குள்ள நாலு லட்சம் பிரதிக்கு மேல போச்சு. புரூக்ஸ் சொன்னதை இதைவிட நல்லா நிரூபிக்க முடியாது. ஜனங்க ஓடினது ஆழத்தைப் பார்த்து இல்லை, வாசல்ல கிடந்த முள்ளைப் பார்த்து.

சின்னப் பசங்களைப் பத்தி? மைன்கிராஃப்ட் 2011ல முழுசா வந்தப்ப உள்ள செய்முறைப் புத்தகமே கிடையாது. மேல் வரிசையில மூணு கல்லு, நடுவுல கீழ்நோக்கி ரெண்டு குச்சி வச்சா கடப்பாரைன்னு எட்டு வயசுப் பசங்க கூட்டம் கூட்டமா மனப்பாடம் பண்ணுச்சு. அந்தப் புத்தகம் கேமுக்குள்ள வந்ததே 2017லதான். அவ்வளவு ஏன், நம்ம தெருவுல கிரிக்கெட் ஆடற பையனை நிறுத்தி எல்பிடபிள்யூ கேளுங்க. லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனா நாட் அவுட், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே கால்ல பட்டா ஷாட் ஆடினானான்னு பார்க்கணும், அம்பயர்ஸ் கால் வந்தா ரிவ்யூ மிச்சம்னு மூச்சு விடாமச் சொல்லுவான். பிடிச்ச விஷயத்துல சிக்கல் யாருக்கும் பாரம் கிடையாதுங்க.

அப்புறம் ஏன் பெரிய கம்பெனிங்க பயப்படறாங்க? பதில் ரசனையில இல்லை, பட்ஜெட்ல இருக்கு. 2023ல அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒண்ணுல சரியா மறைக்காம வந்துட்ட சோனி ஆவணத்துல, லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர் செலவுன்னு இருந்தது. அவ்வளவு காசைப் போட்டுட்டா ஒருத்தன்கூட பாதியில எழுந்து போயிடக்கூடாதுன்னு தோணும். அம்பு வரும், அம்புக்கு மேல அம்பு வரும், புதிரை நீங்க யோசிக்கறதுக்குள்ள கூட வர்றவனே பதிலைச் சொல்லிடுவான். இது கணக்குத் துறையோட பயம். அதை எங்க ரசனைன்னு எங்க தலையில கட்டாதீங்க.

இப்போதான் மெயின் மேட்டருக்கு வர்றேன். சிக்கலானது வேண்டாம்னு ஜனங்க சொல்றாங்கன்னு சொல்ற அதே துறை, எதைச் சிக்கலா வச்சிருக்குன்னு பாருங்க.

கென்ஷின் இம்பாக்ட். 2020ல வந்த இலவச கேம். அழகான உலகம், குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வீரரை வாங்கற வழியைக் கேளுங்க. ரூபாயைக் கொடுத்தா ஜெனசிஸ் படிகம். அதை மாத்தினா பிரைமோஜெம். 160 பிரைமோஜெம்முக்கு ஒரு 'ஃபேட்'. ஒரு ஃபேட்டுக்கு ஒரு குலுக்கல். அதுல அஞ்சு நட்சத்திர வீரர் வர்ற வாய்ப்பு 0.6 சதவீதம். 90வது குலுக்கலுக்குள்ள ஒருத்தர் நிச்சயம். ஆனா வர்றவர் நீங்க கேட்டவராங்கறது ஏறக்குறைய பூவா தலையா. தவறினா அடுத்த தடவை நிச்சயம். ஆக மோசமா போனா 180 குலுக்கல், 28,800 பிரைமோஜெம். அதை நீங்களே திருப்பி ரூபாய்க்கு மாத்திப் பார்த்துக்கோங்க.

தேக்கோ ரொம்பக் கஷ்டம்னு எடுத்தாங்களே, இது என்னங்க? கழித்தல் தெரியாதவன்னு நம்மளை முடிவு பண்ணினவங்க, கடையில மட்டும் நிகழ்தகவு பரீட்சை வைக்கறாங்க. நம்ம பசங்களும் அந்தப் பரீட்சையில பாஸ் பண்றாங்க. எங்க அக்கா பையன் ஒரு மொபைல் கேம்ல அஞ்சு வகை நாணயத்தோட மாற்று விகிதத்தை மனக்கணக்கா சொல்றான். அந்த கேம்ல சண்டை? ஆட்டோன்னு ஒரு பட்டன். அமுக்கினா அதுவே ஆடிக்கும். ஆட்டத்துல யோசிக்க ஒண்ணுமே இல்லை, கடையில யோசிக்க ஓராயிரம் இருக்கு.

காசு கொடுத்து வாங்கின கேமும் இதுக்கு விதிவிலக்கு இல்லை. 2017ல ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2ல டார்த் வேடரைத் திறக்க 60,000 புள்ளி வச்சிருந்தாங்க. ஊரே கொந்தளிச்சதும் 15,000 ஆக்கினாங்க, வெளியாகற நேரத்துல காசுக் கடையையே தற்காலிகமா மூடினாங்க. 2018ல பெல்ஜியம் சூதாட்ட ஆணையம் சில கேம்களோட பரிசுப்பெட்டியைச் சட்டவிரோதம்னே சொல்லிடுச்சு. அதே 2018ல வந்த அசாசின்ஸ் க்ரீட் ஒடிசியில, அனுபவப் புள்ளியை ஐம்பது சதவீதம் வேகமா ஏத்தற வசதியைத் தனியா சுமார் பத்து டாலருக்கு வித்தாங்க. முழு விலை கொடுத்து வாங்கின கேம்ல சீக்கிரம் முன்னேற இன்னொரு விலை! (அதே கேம்ல அம்புக்குறி இல்லாம, குறிப்பை வச்சுத் தேடிப் போற ஒரு முறையும் வச்சிருந்தாங்க. மனசு வச்சா முடியும்ங்கறதுக்கு அதுவே சாட்சி.)

"அதெல்லாம் சரிப்பா, ஆய்வு வேற மாதிரி சொல்லுதே"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவீங்க. தெரியும். குவான்டிக் ஃபவுண்ட்ரிங்கற நிறுவனம் 2024ல வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேல விளையாடறவங்க கொடுத்த பதிலை வச்சுப் பார்த்ததுல, திட்டம் போட்டு யோசிச்சு ஆடறதுல ஆர்வம் 2015ல இருந்து குறைஞ்சுக்கிட்டே வருது. 2015ம் வருஷச் சராசரி ஆளைவிடக் குறைவா ஆர்வம் காட்டறவங்க இப்போ 67 சதவீதம்.

அந்த எண்ணோட எனக்குச் சண்டை இல்லை. அதை வச்சு என்ன முடிவுக்கு வர்றோம்ங்கறதுலதான் சண்டை. ஆர்வம் குறையறதும் திறமை குறையறதும் வேற வேற. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் மீட்டிங், ஓடிபி, இஎம்ஐ, அப்டேட்னு மூளையைப் பிழிஞ்சு எடுத்துட்டு, வீட்டுக்கு வந்ததும் கேம் கடையிலயும் கணக்குப் போடச் சொன்னா, "திட்டம் போட்டு யோசிக்கப் பிடிக்குமா?"ங்கற கேள்விக்கு நானே பிடிக்காதுன்னுதான் டிக் அடிப்பேன். தவிர, சராசரின்னு ஒரு ஆள் எந்த வீட்டுலயும் குடியிருக்கலை. அந்தச் சராசரி இறங்கிக்கிட்டு இருந்த வருஷங்கள்லதான் எல்டன் ரிங் வித்தது. 2023ல பால்டர்ஸ் கேட் 3 வந்து, பகடை, முறை வச்சு ஆடற சண்டை, நூறு மணி நேரக் கதைன்னு எதையும் குறைக்காம அந்த வருஷத்தோட தி கேம் அவார்ட்ஸ் சிறந்த விளையாட்டு விருதைத் தூக்கிட்டுப் போச்சு.

எனக்கு இதுல ஏன் இவ்வளவு கோபம்னா, எங்க துறையிலயும் இதே பாட்டுதான். முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, நல்லா உபயோகப்பட்ட ஒரு செட்டிங்கை "யூசருக்குப் புரியாது"ன்னு எடுக்கச் சொன்னாங்க. எடுத்தோம். அதே ரிலீஸ்ல சந்தா பக்கத்துல நாலு திட்டம், ஒவ்வொண்ணுக்கும் பொடி எழுத்துல நிபந்தனை, ரத்து பண்ண அஞ்சு திரை. அதைப் பார்த்து யூசருக்குப் புரியாதேன்னு அந்த அறையில ஒருத்தரும் கவலைப்படலை. புரியக்கூடாதுங்கறதுதானே ஐடியாவே.

அதனால பெருசுங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தலைமுறையைத் திட்டறதை விட்டுட்டு, எடுத்த சிக்கல் எந்த வகைன்னு பிரிச்சுப் பார்த்துத் திட்டுங்க. கம்பெனிக்காரங்களுக்கு: வாசல்ல இருக்கற முள்ளை எடுங்க, வீட்டை இடிக்காதீங்க. நம்ம மக்களுக்கு: அடுத்த தடவை யாராவது "இப்போ யாருக்கும் பொறுமை இல்லை"ன்னு ஆரம்பிச்சா, அந்த கேமோட கடைப் பக்கத்தைத் திறந்து காட்டி, "இதுக்கு மட்டும் எங்கிருந்து வந்துது பொறுமை?"ன்னு கேளுங்க.

டிஸ்கி: தேக்கோ ரசிகர் மன்றத்து ஆளுங்க பின்னூட்டத்துல ஆட்டோ அனுப்பலாம். வரும்போது உங்க கவச எண் எவ்வளவுன்னு மறக்காமச் சொல்லிடுங்க, கழிச்சுப் பார்த்துக்கறேன். :-)